காஸ்பே முகத்துவாரத்தில் துள்ளி விழுந்த மீன்

வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்குச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மொன்ட்ரியாலின் செயின்ட்-மிஷேலில் இருந்து புறப்பட்டோம். கார் ஓட்டியது என் கணவர். எங்கள் மகள் டிலானி காஸ்பேயில் இருக்கிறாள். எங்கள் வீட்டில் இருந்து தொள்ளாயிரத்து முப்பது கிலோமீற்றர். சல்மன் குஞ்சுகள் கடலுக்குப் போவதைக் கவனிக்கிற பல்கலைக்கழக வேலை. அதை அவள் பொறுப்பில் விட்டது இந்தக் கோடையில்தான். நான் அவளுக்கென நாற்பது இறைச்சி ரோல்ஸ் பொரித்து எடுத்திருந்தேன்.

"நாப்பதோ? மீனுக்கும் தீத்தப் போறீரோ?" என்றார் அவர்.

வழியில் ரிமூஸ்கியில் பெற்றோலுக்கு எழுபத்தெட்டு டொலர். அதற்குப் பிறகு இடது பக்கம் முழுக்கத் தண்ணீர். ஆறு என்கிறார்கள், அக்கரை மங்கலாகத்தான் தெரிந்தது. போய்ச் சேர மாலை ஏழு மணி.

சனி காலை எட்டு மணிக்கு, ஆற்று நீரும் உப்புநீரும் கலக்கும் இடத்தில் ஒரு மரத் துறையில் நின்றோம். வாளிக்குள் ஒரு சாண்கூட இல்லாத வெள்ளி மீன்கள். ஆற்றில் இரண்டு மூன்று வருடம் கறுப்புக் கோடுகளோடு வளர்கிறவை, கடலுக்குப் போகும் காலம் வந்ததும் கோடு மறைந்து இப்படி ஆகுமாம். உப்பைத் தாங்க உடம்பும் உள்ளே மாறுமாம். போகிற வழியில் நீர்க்காகமும் கடல்நாயும் காத்திருக்கும். எத்தனை தப்புகின்றன என்று அறிய, சில மீன்களின் வயிற்றில் மாத்திரை அளவுக் கருவி ஒன்றை வைத்துத் தைக்கிறார்கள். குடா கடலோடு சேரும் வாயில் இருக்கும் இன்னொரு கருவி அதன் சத்தத்தைக் கேட்கும்; ஒவ்வொரு மீனுக்கும் சத்தம் வேறாம்.

டிலானி துறையோரம் கட்டியிருந்த வலைக்குள் குனிந்திருந்தாள். அப்போது, தைத்து முடித்த மீனொன்று வாளியில் இருந்து துள்ளிப் பலகையில் விழுந்தது. என் கையெல்லாம் ரோல்ஸ் எண்ணெய். அப்படியே தொடக்கூடாதென்று நன்றாகத் துடைத்துவிட்டுத் தூக்கி வாளிக்குள் விட்டேன்.

"ஐயோ அம்மா, காஞ்ச கையாலயோ பிடிச்சனீங்கள்?"

உள்ளங்கையில் செதில்கள் மினுங்கின.

"அந்த வழுவழுப்பும் செதிலும்தான் அம்மா அதுக்குக் காவல். அது போனால் உப்புத் தண்ணி தாங்காது."

மீன் ஒரு பக்கமாய்ச் சரிந்து கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. மடு மாதாவே என்று செபமாலையை எடுத்தேன். பேசாலைக் கடலில் மீன்பிடித்து வளர்ந்த என் கணவர் வாளியருகே குந்தியிருந்து செவுளையே பார்த்தார். செபமாலை பாதிக்கு வர, மீன் மெல்ல நிமிர்ந்தது.

பின்னேரம் நான்கு மணிக்கு, வற்றுத் தண்ணீர் கடலுக்கு இழுக்கும் நேரம் பார்த்து அதையும் விட்டார்கள்.

"தப்புமோ பிள்ளை?"

"இப்ப சொல்லேலாது அம்மா. குடா வாயில கேட்டால்தான் தெரியும்."

ஞாயிறு திரும்பினோம். வழி நெடுக செபமாலை சொன்னேன்.

புதன் மத்தியானம் டிலானியின் தொலைபேசி. "அம்மா, உங்கட ஆள் கடலுக்குப் போயிட்டார்! குடா வாயில கேட்டிருக்கு!"

ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் சிலுவை அடையாளம் போட்டேன்.

"கிரீன்லாந்து வரைக்கும் போகுமாம்," என்றார் கணவர். "அங்கையும் ரோல்ஸ் கொண்டு போகச் சொல்லுவீரோ?"

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசையில் மன்றாட்டு வாசிப்பது என் முறை. நோயாளிகளுக்கும் வேலையற்றோருக்கும் எழுதித் தந்ததை வாசித்துவிட்டு, எழுதாத ஒன்றைச் சேர்த்தேன்: "கடலுக்குப் போனோருக்காக மன்றாடுவோம்."

சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். மூன்றாம் வரிசை வாங்கில் இருந்து என் கணவரின் குரல்தான் முதலில் எழுந்தது: "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."