யார் சொன்னது, என்ன மாறியது?

ஆஃப்செட் மையின் வாசனை... அதோடு பார்வதி அக்கா கீபோர்டு பக்கத்தில் வைத்திருக்கும் பிச்சிப்பூ வாசனை. இரண்டும் சேர்ந்தால் எனக்குப் பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த கல்யாணப் பத்திரிகைக் கடை ஞாபகம்தான்.

கம்ப்யூட்டர் படித்துவிட்டு, பெரிய ஊர் வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று சேர்ந்தேன். முதலாளி அண்ணாச்சி, டைப் அடிக்கும் பார்வதி அக்கா, நான். அவ்வளவுதான் ஆபீஸ்.

அங்கே ஒரு பழக்கம். புதுப் பத்திரிகைக்குப் புது ஃபைல் திறக்கவே மாட்டார்கள். போன கல்யாணத்தின் ஃபைலை எடுத்து, அதன் மேலேயே பெயர்களை மாற்றி அடிப்பார்கள். அக்காவின் விரல் வேகத்துக்கு அது சௌகரியம். ஆனால் எங்காவது ஒரு பெயர் தங்கிவிடும்.

அப்படித்தான் நாங்குநேரி கல்யாணத்தில் யாரோ ஒரு வள்ளியூர் தாய்மாமா அச்சாகிவிட்டார். பெண் வீட்டார் பத்திரிகையை நீட்டி, "இந்த மாமா யாரு அண்ணாச்சி, நாங்க பாத்ததே இல்லியே" என்று கேட்டார்கள். அண்ணாச்சிக்கு முகமே இல்லை. அத்தனையும் திரும்ப அடித்துக் கொடுத்தார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மறுநாளே கம்ப்யூட்டரில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். பத்திரிகையில் வரவேண்டிய மேட்டரை முதலில் வெறும் டெக்ஸ்ட் ஃபைலாக அடிக்க வேண்டும். grep, போன வீட்டுப் பெயர் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடும். diff, எந்த வரி மாறியது என்று காட்டும். git, ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு வைத்துக்கொள்ளும், எதையும் தொலைக்காது. எல்லாவற்றையும் கட்டி ஒரே கட்டளையாக்கி, kelu என்று பெயர் வைத்தேன். சேமிக்கும்போதெல்லாம் அது ஒரு கேள்வி கேட்கும். யார் சொன்னது, என்ன மாறியது? பதில் அடிக்காமல் சேமிக்க விடாது.

அக்காவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"ஏட்டி, எங்க மாமியாகூட இம்புட்டு கேள்வி கேக்க மாட்டா" என்பாள். பாதி நேரம் "சரி" என்று மட்டும் அடித்துவிட்டுப் போவாள். ஒருமுறை "எழவு சரி" என்றுகூட அடித்திருந்தாள்...

அந்தச் சமயத்தில்தான் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாணம் வந்தது. பெண்ணின் அப்பாவும் சித்தப்பாவும் வந்து மேட்டர் கொடுத்தார்கள். அச்சுக்குப் போகும் முன்பே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கல்யாணம் தள்ளிப்போனது.

சில மாதம் கழித்துச் சித்தப்பாவும் அந்தப் பெண்ணும் வந்தார்கள். அப்பா பெயருக்கு முன்னால் 'தெய்வத்திரு' சேர்த்து, தேதி மாற்றி, புரூஃப் எடுத்துக் கொடுத்தேன். சித்தப்பா படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றுவிட்டார். பெண்ணின் அத்தை பெயரும் மாமா பெயரும் அதில் இருந்தன.

"இது எப்படி வந்துச்சு? எங்க அண்ணனும் தங்கச்சியும் ஏழு வருசமா பேச்சு வார்த்த கெடயாது. அவ பேர எடுங்கன்னு அண்ணன் சொன்னப்போ நான் கூடத்தான இருந்தேன். உங்க கடைல வழக்கமா வார தப்பு இது. அவ பேர எடுத்திருங்க."

அண்ணாச்சி உடனே, "மன்னிச்சுக்கிடுங்க, எடுத்திருதோம்" என்றார். நாங்குநேரிப் பத்திரிகை அவரை அப்படிப் பயமுறுத்தி வைத்திருந்தது.

அந்தப் பெண் மட்டும் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா... ஒருவேள அப்பாவே போடச் சொல்லிருப்பாங்களோ? கடைசி வாரம் அத்தய பத்தி ரெண்டு தடவ பேசுனாங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டுக்காங்க."

பார்வதி அக்காவைப் பார்த்தேன். "தெனம் எத்தன பேரு வாராவ, எனக்கு எங்கட்டி ஞாபகம் இருக்கும்" என்றாள்.

git log அடித்தேன். பழைய குறிப்புகளை வரிசையாகக் காட்டும் கட்டளை அது. அக்கா வழக்கம்போல "சரி" என்று மட்டும் அடித்திருந்தால் அந்த அத்தை பெயர் அன்றோடு போச்சு.

முதல் குறிப்பு, மேட்டர் வந்தது. இரண்டாவது, அப்பா சொல்லி அத்தை பெயரை எடுத்தது. இரண்டும் நான் எழுதியவை. மூன்றாவது, நான் லீவு போட்டிருந்த நாள். அக்கா எழுதியிருந்தாள்.

"பொண்ணோட அப்பா தனியா வந்தாவ. தங்கச்சி பேரயும் தங்கச்சி மாப்ள பேரயும் திரும்ப போடச் சொன்னாவ. முன்னாடி எடுக்கச் சொன்னது தப்புன்னாவ. அரமணி நேரம் சும்மா உக்காந்துட்டு போனாவ."

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பக்கத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். அண்ணன் இறப்பதற்கு மூன்று நாள் முன்பு.

"அரமணி நேரம் உக்காந்திருந்தாங்களாக்கா?" என்று அந்தப் பெண் கேட்டாள். அக்காவுக்கு இப்போது ஞாபகம் வந்துவிட்டது. தலையை ஆட்டினாள்.

"பேரு இருக்கட்டும்" என்றார் சித்தப்பா. பிறகு என்னிடம், "அந்த நாலு வரிய ஒரு பேப்பர்ல எடுத்துத் தாம்மா. பத்திரிக குடுக்கப் போகும்போது தங்கச்சிட்ட இதத்தான் மொதல்ல குடுக்கணும்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

இப்போது நான் பெங்களூரில். பெரிய கம்பெனி, டீமில் எல்லோரும் கெட்டிக்காரர்கள். போன வாரம் ஒரு வரி ஏன் அப்படி மாறியது என்று தெரியாமல் git log அடித்தேன். fix. fix again. final fix. மூன்றையும் எழுதியது நான்தான்... எனக்கே வெட்கமாக இருந்தது.

பார்வதி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏக்கா, அந்த kelu இன்னும் ஓடுதா?"

"ஓடாம என்ன. கம்ப்யூட்டர் மூணு மாத்தியாச்சு, அது கேள்வி கேக்குதது மட்டும் நிக்கல."

பிறகு அவளாகவே சொன்னாள்.

"இப்பல்லாம் நான் வெறும் 'சரி'ன்னு போடுததில்லட்டி. யாரு வந்தாவ, எவ்வளவு நேரம் உக்காந்திருந்தாவன்னுகூட எழுதிருதேன்."