கூட்டத்தில் சிரிப்பு

இந்தத் தேர்தலிலும் ஒரு வேட்பாளர் கைப்பேசித் திரையில் தோன்றி, போரின்போது ஜப்பானியர் நம் தீவில் ஓர் ஆளைக்கூடத் தொடவில்லை என்று முழங்கினார். உள்ளூர்ச் சேனல் அதன் கீழே ‘பரபரப்புப் பேச்சு’ என்று போட்டிருந்தது. உண்மையா பொய்யா என்று பார்ப்பது வேறு பிரிவின் வேலை போலும். எனக்கு வியப்பில்லை. எட்டு வயதில் இதே வாக்கியத்தை நானே உரக்க வாசித்திருக்கிறேன்.

அப்பாவின் அக்கா ஷாதிபூரில் எங்களோடு இருந்தார். போர்க்காலத்தில், கையில் டார்ச் விளக்கு இருந்த குற்றத்துக்காக அவர் கணவரை ஒற்றர் என்று சொல்லி ஜப்பானியச் சிப்பாய்கள் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். படகு திரும்பியது, ஏற்றிய ஆட்கள் யாரும் திரும்பவில்லை. போரில் இறந்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் ஏற வேண்டும், அவ்வளவுதான் அத்தை கேட்டது. மனு மூன்று நகலோடு சர்க்கார் ஆபீசுக்குப் போயிருந்தது.

அப்போதுதான் அந்தத் தேர்தல் கூட்டம். வேட்பாளர் நம்ம ஊர்க் கான்ட்ராக்டர். ஜப்பானியர் ஒருவரைக்கூடத் தொடவில்லை என்று அவர் சொன்னதும் அத்தை எழுந்துவிட்டார்.

“அப்ப என் வீட்டுக்காரர் எங்க போனாரு?”

“அரே அக்கா, மெயின்லேண்ட்ல வேற குடும்பத்தோட மஜாவா இருப்பாரு. போய்ப் பாருங்க!”

மெயின்லேண்ட் தினசரிகள் கப்பலில் பழசாகி வரும் காலம். ஊருக்கு ஒரே ஒரு இந்தி வாரத்தாள். அத்தைக்கு இந்தி பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. அதில் வந்த கூட்டச் செய்தியை நான்தான் வானொலிக்காரர் குரலில் வாசித்தேன். கான்ட்ராக்டரின் முழக்கம், அத்தையின் கேள்வி, அதற்குக் கான்ட்ராக்டரின் பதில், பிறகு அடைப்புக்குறிக்குள் ‘கூட்டத்தில் சிரிப்பு’. அந்த இடத்தில் சிரித்தும் காட்டினேன். எங்கள் வீட்டு ஆள் பேப்பரில் வந்துவிட்ட பெருமை எனக்கு.

அப்பா பத்திரிகை ஆசிரியரிடம் போனார்.

“பாபுஜி, ரெண்டு தரப்பும் போட்டாச்சே. எது நிஜம்னு பாக்கறது எங்க டியூட்டி இல்லே.”

அப்பாவின் மறுப்புக் கடிதம் இரண்டு வாரம் கழித்து, கப்பல் நேர அட்டவணைக்குக் கீழே மூன்று வரியாக வந்தது.

மனு அதற்கு முன்பே திரும்பிவிட்டது. மேலே குண்டூசியில் முதல் செய்தியின் நறுக்கு. மேற்படி நபர் உயிருடன் இருக்கலாம் எனப் பத்திரிகைச் செய்தி உள்ளதால், இறப்பை நேரில் கண்ட சாட்சி தேவை என்று குறிப்பு. நேரில் கண்டவர்கள் எல்லோரும் அந்தப் படகில் போனவர்கள். பின்னாளில் நானும் முப்பது வருடம் கோப்பு பார்த்தவள். நடைமுறையில் பிழை சொல்ல மாட்டேன். அச்சடித்தது ஆவணம். அழுவது ஆவணம் இல்லை.

மனு திரும்பிய மறுநாள் காலை அத்தை நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். அம்மா கையிலிருந்த பாத்திரம் கீழே விழுந்தது.

“சர்க்காரே உசிரோட இருக்காருன்னு எழுதிக் குடுத்துட்டான். நான் மட்டும் எதுக்கு அறுத்தவளா நிக்கணும்?”

எனக்கு ஒரே குதூகலம். அன்று மெட்ராஸ் கப்பல் வரும் நாள். தீபாவளிப் பாவாடையை உடுத்திக்கொண்டு அத்தையின் கையைப் பிடித்து கப்பல்துறைக்கு இழுத்துப் போனேன். இறங்கிய ஒவ்வொரு ஆண்பிள்ளையையும் காட்டி, “இவரா மாமா?” என்று கேட்டேன்.

“இல்லே.”

“இவரா?”

“இல்லேடி.”

திரும்பிப் பார்த்தால், அத்தை கப்பலையே பார்க்கவில்லை. அந்தப் பக்கம், வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படித் தப்பான இடத்தைப் பார்த்தால் மாமாவை எப்படிக் கண்டுபிடிப்பது என்று, எம்பி நின்று, இரண்டு கையாலும் அவர் முகத்தைக் கப்பல் பக்கம் திருப்பிவிட்டேன்.