நன்றியுரையில் விட்டுப்போன பெயர்

எங்கள் அச்சகத்தில் அவரைக் கட்டக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். கணினியில் எழுத்து வர வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம் வந்து நின்றால் எல்லோரும் அவரிடம்தான் ஓடுவோம். பக்க வடிவமைப்பு அவர் வேலை; மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. கண்டவன் பெயரையெல்லாம் அட்டையில் ஏற்றிய மனிதர், தன் பெயரை ஒரே ஒரு தடவை அச்சில் பார்க்க ஆசைப்பட்டார். இது பேராசையா?

அவருடைய தம்பி பேராசிரியர். ஐந்து மொழி அகராதி ஒன்றைத் தொகுத்துக் கொண்டுவந்தார். "நீ செஞ்சு குடுண்ணே. நன்றியுரையில மொதப் பேரே உன்னோடதுதான்" என்றார். கட்டக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

மென்பொருள் ஐந்து மொழியும் தெரியும் என்று பீற்றிக்கொண்டது. தெரிந்த லட்சணம் முதல் பக்கத்திலேயே தெரிந்தது. தமிழில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் கிடந்தன. அரபுச் சொற்கள் இடமிருந்து வலமாக ஓடின. பொருளடக்கம் என்ற தலைப்பு ஆங்கிலத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்த மொழிக்கு எந்த எழுத்துரு, எந்தத் திசை, வரி முடிவில் சொல்லை எங்கே உடைப்பது என்று கட்டக்காரர் தனித்தனியாகக் கட்டளை எழுதினார். ஏழு மாதம். சாப்பாடு ஆறிப்போகும், மனிதர் அசையமாட்டார்.

கடைசியாக நன்றியுரை வந்தது. துணைவேந்தர், நூலகர், மனைவி, மகள். அப்புறம், "ஐந்து மொழிகளையும் அழகாகக் கையாண்ட மென்பொருளுக்கும் நன்றி." அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்களே உங்க பேரச் சேத்துடுங்க. யாரு கேக்கப்போறா?"

"எழுதிக் குடுக்காதத நான் சேக்கமாட்டேன்" என்றார்.

மறுநாள் கோப்பை அச்சுக்கு அனுப்பப்போகும் நேரத்தில் தம்பி அழைத்தார். கை வேலையாக இருந்ததால் கட்டக்காரர் ஒலிபெருக்கியில் போட்டார்.

"அண்ணே, நன்றியுரையில ஒரு முக்கியமான பேரு விட்டுப்போச்சு."

கட்டக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

"அதுக்கென்னடா, இப்பக்கூட சேத்துடலாம்" என்றார்.

"எங்க துறைத்தலைவர் பேருண்ணே. விட்டா மனுஷன் என்னை உயிரோட விடமாட்டாரு."

கட்டக்காரர் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு ஏற்றினார். நீளமான பெயர், கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளிப்போனது. வரிகளுக்கு நடுவே இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து அதை உள்ளே இழுத்தார். பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

"பிழை இருக்கான்னு பாத்துக் குடுங்க."

பார்த்தேன். ஒற்றுப்பிழைகூட இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், பாவி நான்.