ஒரு கரண்டி கலங்கல்

பதினோரு வருஷமாக அவளுக்கு மூடி போடுகிற வேலை. சாஸும் ஜாமும் செய்கிற கம்பெனி அது. நிரப்பிய பாட்டில்கள் ரப்பர் பட்டையில் வரிசையாக நகர்ந்து வரும். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மூடியை வைத்துக் கால் சுற்று திருகிவிட வேண்டும். மீதியை மெஷின் இறுக்கிக்கொள்ளும். கோணலாக உட்கார்ந்த மூடியைக் கண்டுபிடிக்க மெஷினுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், பார்க்காமலே, விரல் நுனியில். அதனால் கம்பெனியில் அவள் பெயர் மூடியக்கா. மேனேஜரிலிருந்து வாசலில் நிற்கிற வாட்ச்மேன் வரைக்கும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பேரில்தான் மூடி, வாய்க்கு மூடி கிடையாது என்பது கேன்டீனில் பழைய கிண்டல்.

அப்பேர்ப்பட்ட வாயே ஒரு புதன்கிழமை சாயங்காலம் அடைத்துப்போனது.

அன்றைக்குப் புதுச் சரக்கு ஓடியது. பெஸ்டோ சாஸ், துளசி ஜாதியான பேசில் இலையை அரைத்துச் செய்கிற பச்சை விழுது, சின்ன பாட்டிலில். வேலை முடிகிற நேரத்தில், லேபிள் ஒட்டி அடுக்கியிருந்ததில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். முன்பக்கம் முதலாளியின் அம்மா கழுத்து நிறைய நகையோடு சிரித்துக்கொண்டிருந்தார். கீழே ‘அம்மாவின் கைப்பக்குவம்’ என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் திருப்பினாள். ‘அம்மாவின் பழைய நோட்டிலிருந்து’ என்று தலைப்புப் போட்டு, எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் செய்முறை. கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தாள். மிக்ஸி ஜாரை அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று இருந்தது. பைன் கொட்டை கிடைக்காவிட்டால் பூசணி விதையை வறுத்துப் போடலாம் என்று இருந்தது. அவளுக்கு அப்போதே சந்தேகம். ஆறாவது வரியில் சந்தேகம் தீர்ந்தது: ‘பாஸ்தாவை வடிப்பதற்கு முன் ஒரு கரண்டி கலங்கல் எடுத்து வைத்துக்கொள்ளவும்.’

இந்தக் கலங்கல் என்ன என்று சொல்லிவிட வேண்டும். அவள் புருஷனுக்குக் குடிநீர் ஆபீசில் புகார் வாங்குகிற வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை போனை எடுத்தால் ஒரே பல்லவிதான்: குழாயில் தண்ணீர் கலங்கலாக வருகிறது, எப்போது சரி பண்ணுவீர்கள். முதன்முதலாக அவள் வீட்டில் பாஸ்தா வேகவைத்த அன்று மனுஷன் அலுத்துப்போய் வந்து பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். மாவு கரைந்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்துவிட்டு, “இங்கயும் கலங்கல் கம்ப்ளெயின்ட்டா” என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அந்தத் தண்ணீருக்குக் கலங்கல் என்றே பெயர். தெருக்கோடி வீட்டில் போய்ச் சொன்னால்கூடப் புரியாது. உலகத்தில் மூன்றே மூன்று பேருக்குத் தெரிந்த வார்த்தை. அவள், அவள் புருஷன், அவர்கள் மகள்.

அது முதலாளி அம்மாவின் நோட்டுக்கு எப்படிப் போயிற்று என்று கேட்டால், நடந்து போகவில்லை, தூக்கிக்கொண்டுதான் போனார்கள். எட்டு மாசத்துக்கு முன்னால் அவள் டப்பாவில் பெஸ்டோ பாஸ்தா கொண்டுபோயிருந்தாள். அதற்கான பேசில் இலையும் கம்பெனி தந்ததுதான் என்று சொல்லலாம். எப்போதோ ஏதோ சோதனைக்கு வாங்கி மிஞ்சிப்போய்க் குப்பைக்குக் கிளம்பிய கட்டிலிருந்து நாலு தண்டை எடுத்து வந்து, தண்ணீரில் நிற்க வைத்து, வேர் விட்டதும் ஜன்னலோரம் மூன்று தொட்டியில் நட்டவள் அவள். அந்தப் பக்கமாக வந்த மேனேஜர் அவள் டப்பாவிலிருந்து ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். அப்புறம் டப்பாவையே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “எப்படிக்கா பண்ணீங்க, எழுதிக் குடுங்க, மேலிடத்துல காட்டறேன்” என்றார். அவளும் மகளின் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தாள். எழுதுகிறபோது கை தன்பாட்டுக்குக் கலங்கல் என்று எழுதிவிட்டது. வீட்டில் பேசுகிற வார்த்தை, வெளியே செல்லாது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவர்களும் அர்த்தம் கேட்கவில்லை. களவாடுகிறவனுக்கு அர்த்தம் எதற்கு.

அவள் பாட்டிலும் கையுமாக மேனேஜர் அறைக்குப் போனாள்.

“சார், இது நான் எழுதிக் குடுத்தது.”

மேனேஜர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்னக்கா இது, பெஸ்டோ எல்லாரும் பண்றதுதானே. முதலாளி அம்மா அந்தக் காலத்துலயே பண்ணுவாங்களாம்.”

“கலங்கல்னு போட்டிருக்கே. கலங்கல்னா என்ன சார்?”

மேனேஜர் இப்போது நிமிர்ந்தார். பாட்டிலை வாங்கி ஆறாவது வரியைப் படித்தார். “அது வந்து, அந்தக் காலத்து வார்த்தைக்கா. ஏதோ மசாலா.”

பாஸ்தா வெந்த தண்ணீர் மசாலா ஆகிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அந்த அம்மாவை அவள் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். கேன்டீனில் ஏதோ விருந்துக்கு வந்தவர், தட்டில் இருந்த பாஸ்தாவை முள்கரண்டியால் புரட்டிப் பார்த்து, இது என்ன ரப்பரா என்று கேட்டார். பாவம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்திருப்பார்.

“நம்ம எல்லாம் ஒரே குடும்பம்க்கா. அம்மா போட்டோ போட்டா என்ன, உங்க போட்டோ போட்டா என்ன.”

“அப்ப என்னோடதப் போடுங்க.”

“சின்னப் பிள்ளை மாதிரி பேசறீங்களே. வேணும்னா நாலு பாட்டில் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க.”

ஒரே ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டாள். தின்பதற்கு இல்லை, சாட்சிக்கு.

புதன்கிழமை அவர்கள் வீட்டில் பெஸ்டோ நாள். மகளுக்கு ஆறரை வரை கம்ப்யூட்டர் வகுப்பு. புருஷன் வர ஏழாகும். வேலைவிட்டு வந்து, முகம் கழுவி, இலை பறித்து, எல்லாரும் உட்காருவதற்குள் ஒரே ஆளாக முடித்துவிடக்கூடிய சாப்பாடு அது. அதற்காக லேசுப்பட்ட காரியம் இல்லை. இலையை அலசித் துணியில் ஒற்றி ஈரமில்லாமல் எடுக்க வேண்டும். விதை வறுக்கும்போது படபடவென்று வெடித்ததும் இறக்கிவிட வேண்டும், அரை நிமிஷம் விட்டால் கசக்கும். பூண்டு ஒரு பல்தான், ஆசைப்பட்டு இரண்டு போட்டால் ராத்திரி முழுக்க ஏப்பம். மிக்ஸியை விட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஜார் சூடேறினால் இலை கறுத்துவிடும். அதற்குத்தான் ஜாரை முதலிலேயே ஃபிரிட்ஜில் வைப்பது. சீஸை அரைக்காமல் கடைசியில் துருவிக் கலக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் ஒவ்வொன்றாகக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஜாரை ஃபிரிட்ஜில் வைக்க மறந்துபோனாள். விதையை வறுத்த சூட்டோடு கொட்டினாள். மிக்ஸியைத் திருகிவிட்டு, மேனேஜரை மனசுக்குள் நிற்க வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டே நின்றாள். ஏதோ மசாலாவாம். ஒரே குடும்பமாம். குடும்பம் என்றால் பெஸ்டோ மட்டும்தான் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகுமா, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் வராதா. அவள் கேட்டு முடிப்பதற்குள் ஜார் கொதித்துவிட்டது. திறந்தால் உள்ளே இருந்தது பச்சை இல்லை, கறுத்த பாசி.

சாப்பிட உட்கார்ந்தபோது மகள் தட்டைப் பார்த்தாள். மேஜைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். திறந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“அம்மா, இதுதான் நல்லா பச்சையா இருக்கு. இதையே போட்டிருக்கலாமே. எதுக்கு இவ்வளவு கஷ்டப்படற?”

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். முதலாளி தூக்கிக்கொண்டு போனதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. அவளிடமிருந்து எடுத்ததைச் சாயம் போட்டு, அவள் வீட்டு மேஜையிலேயே கொண்டுவந்து வைத்து, அவள் பெண்ணையே அது தேவலை என்று சொல்ல வைத்துவிட்டார்கள். பாட்டிலும் பச்சை, அதில் ஒட்டியிருப்பதும் பச்சைப் பொய்.

“பின்னாடி படி” என்றாள். “சத்தமாப் படி.”

மகள் படித்தாள். ஜார், பூசணி விதை என்று அலட்சியமாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஆறாவது வரியில் நின்றாள். “ஒரு கரண்டி கலங்கல்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

அவர் வாயருகே கொண்டுபோன கையை இறக்கினார். “இது நம்ம வார்த்தை.”

“ஆமாம்.”

“என் வார்த்தை. நான் ஆபீசுலேர்ந்து கொண்டுவந்தது.”

“உங்க வார்த்தை, என் பெஸ்டோ, அவங்க அம்மா.”

மகள் பாட்டிலை மூடி அந்தண்டை தள்ளிவைத்தாள். கறுத்துப்போன பாஸ்தாவை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அது சமாதானத்துக்குச் சாப்பிட்டது என்று அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் மனசு கொஞ்சம் இறங்கிற்று.

“வேலைய விட்டுடட்டுமா?” என்று கேட்டாள்.

“நீ எதுக்கு விடணும்?” என்றார் புருஷன். இருபது வருஷம் புகார் வாங்கின மனுஷன். எந்தப் புகார் தானாக எழும்பும், எது அமுங்கும் என்று அவருக்கு அத்துப்படி. “சும்மா இரு. நீ ஒண்ணும் பண்ண வேண்டாம். அந்த வார்த்தையே அவங்கள வந்து கேக்கும்.”

அவளால் சும்மா இருக்க முடிந்ததா என்றால், இல்லை. தினமும் அந்தப் பச்சை பாட்டிலுக்கு மூடி போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு பாட்டிலும் கையில் சுட்டது. ஒரு மூடியைக்கூடக் கோணலாக வைக்கவில்லை, அது வேறு விஷயம். தன் வேலையில் தானே குறை வைக்க அவளுக்கு வராது. கேன்டீனில் யாரோடும் பேசாமல் டப்பாவை மூடியால் மறைத்துக்கொண்டு தின்றாள். மூடியக்கா நிஜமாகவே மூடிவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள்.

நாலாவது புதன்கிழமை. மணி ஏழே கால். ஜார் ஃபிரிட்ஜில் குளிர்ந்திருந்தது, விதை ஆறியிருந்தது. இலையை நிறுத்தி நிறுத்தி அரைத்து, சீஸ் துருவிக் கலந்து, அகலமான கிண்ணத்தில் வைத்திருந்தாள். நல்ல பச்சை. அடுப்பில் பாஸ்தா முக்கால் வேக்காட்டில் இருந்தபோது போன் அடித்தது. மேனேஜர். பதினோரு வருஷத்தில் அவர் அவள் வீட்டுக்குப் போன் பண்ணியதே இல்லை. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மூடியக்கா, சாப்பிட்டீங்களா?” குரலில் தேன் ஒழுகிற்று.

“பண்ணிட்டிருக்கேன் சார். சொல்லுங்க.”

“ஒண்ணுமில்லக்கா. அந்தப் பெஸ்டோ விஷயம். ஒரே போன் மேல போன். கலங்கல் எந்தக் கடையில கிடைக்கும்னு கேக்கறாங்க. ஒருத்தர் பாட்டிலுக்குள்ள கலங்கல் பாக்கெட் வைக்காம ஏமாத்திட்டீங்கன்னு எழுதியே அனுப்பிட்டாரு. பெரிய கடைக்காரங்க, விளக்கம் குடுக்கற வரைக்கும் சரக்கு எடுக்க மாட்டோம்னு உக்காந்துட்டாங்க. கலங்கல்னா என்னக்கா?”

புருஷன் கூடத்திலிருந்து எழுந்து வந்து அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றார். மகளும் பின்னாலேயே வந்தாள்.

“அத முதலாளி அம்மாகிட்டதான் சார் கேக்கணும். அவங்க நோட்டுல இருந்ததுதானே.”

“கேட்டாச்சுக்கா. எனக்கென்னடா தெரியும்னு முதலாளிய விரட்டிட்டாங்க.”

“நோட்ட எடுத்துப் பாருங்க.”

“நோட்டு எங்கக்கா இருக்கு. எல்லாம் நீங்க எழுதிக் குடுத்த பேப்பர்தானே.”

“அடுப்புச் சத்தத்துல கேக்கல சார். திருப்பிச் சொல்லுங்க.”

மேனேஜர் திருப்பிச் சொன்னார், முன்பைவிடச் சத்தமாக. நீங்கள் எழுதிக் கொடுத்த பேப்பர் என்று அந்தச் சின்ன அடுப்படி முழுக்கக் கேட்டது. மகள் அம்மாவின் தோளில் கை வைத்தாள்.

“முதலாளியே சொல்லிட்டாருக்கா. புது லேபிள் அடிக்கறப்ப அம்மா போட்டோவ எடுத்துடலாம், உங்க பேரையே போட்டுடலாம்னு. நான் இப்பவே அச்சுக்கு அனுப்பணும். நீங்க கலங்கல்னா என்னன்னு மட்டும் சொல்லிடுங்க.” பேப்பர் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மேனேஜர் தொண்டையைச் செருமினார். “அக்கா, உங்க பேரு என்ன?”

பாஸ்தா பொங்கி மேலே வந்தது. அவள் அடுப்பைத் தணித்தாள்.

“பேனா இருக்கா சார்?”

“கையிலயே இருக்குக்கா. சொல்லுங்க.”

“பேனாவ வச்சிடுங்க. நாளைக்குக் காலையில வருகைப் பதிவ எடுத்துப் பாருங்க. பதினோரு வருஷமா தினமும் உங்க மேஜையில, உங்க கண்ணு முன்னாடிதான் குனிஞ்சு கையெழுத்துப் போடறேன். அதப் பாத்து எழுத்து எழுத்தா எழுதுங்க, என் பேப்பரப் பாத்து எழுதின மாதிரியே. லேபிள் வரட்டும். கலங்கல்னா என்னன்னு அப்புறம் சொல்றேன்.”

போனை வைத்தாள். ஒரு கரண்டி கலங்கலை எடுத்து, பெஸ்டோ இளகுவதற்காகக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, மீதியைப் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் வடித்துக் கொட்டினாள்.