மித்ராஸ் கோயில் வாசலில் ஒரு சோடிச் சப்பாத்து

லண்டன் பாலத்தைத் தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. முதுகில் ஒரு பை, இடக்கையில் கட்டு. லூயிஷாமில் இருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். அங்கே ஓர் இறைச்சிக் கடையில் மாடு வெட்டும் வேலை, கடைக்கு மேலேயே அறை. முந்தின கிழமை கத்தி என் சுட்டுவிரல் நுனியைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். முதலாளி கெட்டவர் இல்லை. விரல் காயம் ஆறியதும் வரச் சொன்னார். ஆனால் அறை வேலையோடு சேர்ந்தது. வேலைக்குப் புது ஆள் வந்துவிட்டான், அறைக்கும் அவன்தான்.

ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போவதாக எண்ணம். வெள்ளிக்கிழமை, மத்தியானம் சாப்பாடு கிடைக்கும். பந்தியில் பக்கத்தில் இருப்பவரிடம் இரவுக்கு ஓர் இடமும், ஒன்றரைக் கையால் செய்யக்கூடிய வேலையும் கேட்கலாம். பாரிஸிலும் சூரிச்சிலும் நான் தொடங்கியது அப்படித்தான். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பாலத்துக்கு இந்தப் பக்கம் எல்லாம் வங்கிகளும் அலுவலகங்களும். ஒதுங்க இடம் பார்த்தபோது ஒரு பெரிய கட்டடத்தின் கீழே பலகை தெரிந்தது. என் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு முடிந்தது. ஆனாலும் கோயில், இலவசம் என்ற இரண்டு சொற்களை வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலம் வரும். உள்ளே போனேன். மேசையில் இருந்த பெண் நனைந்த பையை முகம் சுளிக்காமல் வாங்கித் தன் காலடியில் வைத்தாள்.

சுவர் முழுக்கக் கண்ணாடிக்குள் அந்த நிலத்தில் தோண்டியெடுத்த சாமான்கள். சட்டி, காசு, ஊசி, ரோமர்கள் போட்டுத் தேய்ந்த தோல் செருப்புகள். படியிறங்கிப் போனால் இருட்டு. முழங்கால் உயரத்துக்குக் கற்சுவர்கள்தான் மிச்சம். சுவர் இல்லாத இடங்களில் வெளிச்சத்தையும் புகையையும் விட்டுச் சுவர்போலக் காட்டியிருந்தார்கள். எங்கிருந்தோ ஆண்குரல்கள் புரியாத மொழியில் ஓதின. மூலஸ்தானம் இருக்க வேண்டிய இடத்தில், செதுக்கிய உருவமாக, ஒருத்தர் காளையின் முதுகில் முழங்காலை ஊன்றி, மூக்கைப் பிடித்து இழுத்து, தோளில் கத்தியை இறக்கிக்கொண்டிருந்தார்.

அதையெல்லாம் பார்ப்பதற்கு முன்பே சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டேன். யோசித்துச் செய்ததல்ல. ஈரக் காலுறையோடு நின்று, யாரிடம் கேட்கிறேன் என்று தெரியாமலே இரவுக்கு ஓர் இடம் கேட்டேன்.

"அண்ணை, வாசலில கிடக்கிற சப்பாத்து உங்கடதோ?"

திரும்பினேன். காவலாளி உடுப்பு, தோளில் ரேடியோ, என்னைவிட இளையவர்.

"ஓம் தம்பி. நான் தமிழ் எண்டு எப்பிடித் தெரியும்?"

"மேல மேசையில இருக்கிற பிள்ளை, ஆரோ சப்பாத்தை விட்டிட்டுப் போட்டினம், போய்ப் பார் எண்டவ. வெள்ளைக்காரன் கழட்டினா ஒண்டு அங்க, ஒண்டு இஞ்ச கிடக்கும். இது சோடி சேர்த்து, ஆற்றையும் காலிலயும் தடக்காமல் சுவரோட ஒதுக்கி வைச்சிருக்கு. எங்கட சனத்தைத் தவிர வேற ஆர்?"

"கோயில் எண்டு போட்டிருந்துது."

"கோயில்தான். ஆனா மாட்டை வெட்டுற சாமி. நந்தி கண்டால் உங்களை என்ன நினைக்கும்?"

"நான் ரெண்டு வருசமா மாடுதான் வெட்டினனான். நந்தி என்னோட எப்பவோ கோவம்."

அவர் சிரித்தார். பிறகு என் கைக்கட்டைப் பார்த்தார். "சாமியைப் பாருங்கோ. வெட்டேக்க முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு நிக்கிறார்."

"திரும்பினதாலதான் எனக்கு இது," என்று விரலைக் காட்டினேன். உண்மையும் அதுதான். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள், திரும்பினேன்.

ஆட்கள் குறைவாக இருந்ததால் அவர் கொஞ்சநேரம் நின்று கதைத்தார். இரண்டு பக்கமும் உள்ள நீண்ட மேடைகளைக் காட்டி, ஆம்பிளைகள் மட்டும் அங்கே எதிரெதிராகச் சாய்ந்திருந்து சாப்பிட்டார்கள் என்றார். மித்ராஸ் என்ற இந்த ரோமச் சாமியின் கல்தலையை யாரோ நிலத்துக்குள் தாட்டு வைத்திருந்தார்களாம். "பறங்கியர் கோயில் இடிக்க வரேக்க எங்கட ஆக்கள் சாமியைக் கிணத்துக்க போட்ட மாதிரி. பிறகு முந்தி இதில கட்டடம் கட்டினவைக்காகக் கோயிலே இடம்பெயர்ந்து, கனகாலம் ரோட்டோரத்தில கிடந்து, இப்பதான் தன்ர இடத்துக்குத் திரும்பி வந்திருக்கு."

"விசா குடுத்திட்டாங்களோ?"

"நிரந்தரமா. நீங்கள் இப்ப எங்க போறியள்?"

"ஆர்ச்வேக்கு."

"பையோடயோ? இரவுக்கு?"

"பாக்கோணும்."

அவர் அந்தப் பக்கம் போய்ப் போனில் கதைத்துவிட்டு வந்தார். "ரெய்னர்ஸ் லேனில என்ர மச்சான் இடியப்பம் போட்டுக் கடையளுக்குக் குடுக்கிறான். ஆள் தேவையாம். மெசின்தான் பிழியும், நீங்கள் தட்டை மாத்தினாப் போதும். ஏலுமோ?"

"ஏலும்."

"எங்கட வீட்டில ஒருத்தருக்கு நைட் ஷிப்ட். அவற்ற கட்டில் இரவில சும்மாதான் கிடக்கு. ஆனா விடிய வந்து படுப்பார், அதுக்கு முதல் எழும்பிடோணும்."

"எழும்புவன் தம்பி."

"முதல்ல சப்பாத்தைப் போடுங்கோ. சாமி ஒண்டும் சொல்லாது. மேல இருக்கிற பிள்ளைதான் பயப்பிடுது."

ஆர்ச்வேக்குப் போகவில்லை. இடைவேளையில் அவர் தன் புட்டில் பாதியை எனக்குத் தந்தார். அவருக்கு வேலை முடியும் வரை மழையே படாமல் மேலே இருந்தேன். இரவு, ஒருநாளும் காணாத ஒரு மனிதரின் போர்வைக்குள் நித்திரை கொண்டேன். தைல வாசம் அடித்தது, சூடாக இருந்தது.

இன்னும் இருட்டாக இருக்கும்போதே எழும்பி, போர்வையை மடித்து வைத்துவிட்டு மச்சான்காரரின் சமையல்கூடத்துக்குப் போனேன். அவர் என் கைக்கட்டின் மேல் ஒரு கையுறையைத் தானே மாட்டிவிட்டு, மெசினுக்கு முன்னால் நிறுத்தினார். மா நூலாக விழ விழத் தட்டை நகர்த்த வேண்டும். முதல் தட்டில் ஒன்றும் வட்டமாக வரவில்லை, கோழி கிளறியதுபோல இருந்தது.

அவர் அதை அவித்து எடுத்து, சம்பலும் வைத்து என்னிடமே நீட்டினார்.

"இது விக்க ஏலாது. நீங்கள் சாப்பிடுங்கோ, தேத்தண்ணி வருது. பிறகு அடுத்த தட்டைப் பாப்பம்."