அலை என்று அழித்த புள்ளி

நடந்ததைத்தான் சொல்கிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று நானும் நினைத்திருந்தேன். எனக்கு நடந்தது பட்டப்பகலில், ஃபேன் ஓடிக்கொண்டிருந்த அறையில், பிற்பகல் 2:50க்கு.

இருபத்தாறு வருடமாக ரேடார் வடிவமைப்பதுதான் என் தொழில். அப்போது செய்துகொண்டிருந்தது கரையோரப் படகுகளைக் கண்காணிக்கும் சின்ன ரேடார். அதில் ஒவ்வொரு அலையும் ஒரு புள்ளியாக விழுந்தது. இது திரையா, கடுகு கொட்டின தட்டா என்று வாங்க வந்தவர்கள் கேலி செய்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மெதுவாக நகரும் புள்ளியையெல்லாம் அலை என்று எடுத்துக்கொண்டு அழித்துவிடும் வடிகட்டி ஒன்றை எழுதினேன். திரை துடைத்து வைத்ததுபோல் ஆனது.

என்னோடு வேலை பார்த்தவன் என் மச்சான், மனைவியின் ஒரே தம்பி. ஆபீசில் அவனுக்கு டெசிபல் என்று பெயர். வயர்லெஸ்ஸே வேண்டாம், இவன் கடலில் நின்று கத்தினால் கரைக்குக் கேட்கும் என்பார்கள். அவனுக்கு மட்டும் அந்த வடிகட்டி பிடிக்கவில்லை.

"இஞ்சின் நின்னுபோன படகும் மெதுவாத்தான் மாமா மிதக்கும். அதையும் அழிச்சிடுமே."

மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தராதே என்றேன். மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதற்குள், மெதுவாக மிதக்கும் எதையும் வடிகட்டி அழித்துவிடுகிறது என்று காட்டியாக வேண்டும். படகுக்காரர் லீவு. ஒரு மணி நேர வேலைதானே என்று மச்சானைத் தனியாக மோட்டார் படகில் அனுப்பியது நான்தான். 2:10க்கு அவன் இஞ்சினை நிறுத்தி அரை மணி நேரம் சும்மா மிதக்க வேண்டும். திரையிலிருந்து அவன் புள்ளி மறைந்தால் வடிகட்டி பாஸ்.

சரியாக 2:10. புள்ளி மறைந்தது. தாளில் டிக் போட்டேன். சந்தோஷமாக டீ குடித்தேன். 2:40க்கு வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். பதில் இல்லை. முறைத்துக்கொண்டிருக்கிறான், இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

2:50. வயர்லெஸ் 'க்ளிக்' என்றது.

"மாமா."

மெல்லிய குரல். அவன் குரல்தான். ஆனால் அவன் இப்படி மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பின்னால் இஞ்சின் சத்தம் இல்லை. காற்று இல்லை. தண்ணீர்ச் சத்தமும் இல்லை.

"இஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டியா?"

"வந்துட்டிருக்கேன்..."

திரையில் புள்ளி வந்தது. அறுநூறு மீட்டர். ஆள் நடக்கும் வேகம். அந்த வேகத்தில் எது வந்தாலும் வடிகட்டி அழித்திருக்க வேண்டும். ஸ்விட்சைப் பார்த்தேன். ஆனில்தான் இருந்தது.

2:54. நானூறு மீட்டர். எங்கள் கட்டடத்திலிருந்து கரை அவ்வளவு தூரம்தான். படகு அதோடு நின்றாக வேண்டும்.

நிற்கவில்லை.

முந்நூறு... இருநூறு... அளவுதான் ஏதோ தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2:58. நூறு. எங்கள் கேட்.

அறுபது மீட்டருக்குள் எது இருந்தாலும் இந்த ரேடாருக்குத் தெரியாது. அந்தக் கணக்கைப் போட்டவனே நான்.

2:59. நாற்பது...

இருபது...

வயர்லெஸ்ஸை அணைத்தேன்.

"புள்ளி தெரியுதா மாமா?"

குரல் என் முதுகுக்குப் பின்னால்.

திரும்பவில்லை. எனக்குத் தைரியம் வரவில்லை.

3:01. திரை சுத்தமாக இருந்தது.

3:20க்குத் துறைமுகத்திலிருந்து போன் வந்தது. கவிழ்ந்த படகு ஒன்றைப் பார்த்தார்களாம். அவனை எடுத்தது மறுநாள் காலையில். என் மனைவி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"ரொம்ப நேரம் தவிச்சானா?"

இல்லை என்றேன்.

விசாரணையில் ரேடாரின் பதிவைத் திறந்தார்கள். வடிகட்டிக்குப் போகும் முன்பே எல்லாப் புள்ளிகளும் அதில் பதிவாகிவிடும். அலைப் புள்ளிகளுக்கு நடுவே, 2:10லிருந்து ஒரு புள்ளி மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. பதில் வராத 2:40க்கு அனுப்பியிருந்தாலும் மீட்புப் படகு ஆறு நிமிடத்தில் போய்ச் சேர்ந்திருக்கும்.

2:47க்கு அது மறைந்துபோனது. அதற்குப் பிறகு, நான் அவனோடு பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, பதிவில் அலைகளைத் தவிர ஒரு புள்ளிகூட இல்லை.