நாற்பத்தொன்றாம் பக்கத்துக் கண்ணீர்

முன்னறையிலிருந்து விசும்பல் கேட்டது. அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பதூலி கையை நிறுத்தவில்லை. நாற்பத்தொன்றாம் பக்கம் வந்துவிட்டது என்று மட்டும் நினைத்துக்கொண்டாள்.

அவள் கணவன் கோம்போ, லாமு தீவின் படகுத்துறையிலிருந்து கல்லும் சிமென்டும் கழுதைமேல் ஏற்றிச் சந்துகளுக்குள் கொண்டுசேர்ப்பவன். ஐம்பது வயது. ஒரு காது உடைந்த மூக்குக்கண்ணாடி. கன்னத்தில் எப்போதும் ஒதுக்கிய வெற்றிலை. இந்த வருடக் கழுதைப் போட்டியில், கழுதையை நன்றாக வைத்துக்கொண்டவர்களுக்குப் பரிசு கொடுத்தபோது, அவனுடைய கழுதை அஸ்மினிக்குக் கடைசி இடம். போட்டி நடத்திய கழுதை ஆஸ்பத்திரிக்காரர்கள், படித்தாவது திருந்தட்டும் என்று தோற்றவர்களுக்கெல்லாம் ஒரு துப்பறியும் குறுநாவலைக் கொடுத்தனுப்பினார்கள். கோம்போ அதை விருதாகவே எடுத்துக்கொண்டான். "முதல் பரிசுக்காரனுக்கு வாளி. எனக்குப் புத்தகம். ஆளைப் பாத்துத்தான் குடுப்பாங்க!"

கதையில் லுலு என்ற கழுதை கடற்கரையில் செத்துக் கிடக்கிறது. கொன்றவன் யார்? கோம்போ சத்தமாகத்தான் படிப்பான். இன்ஸ்பெக்டருக்கு ஒரு குரல், கல் வியாபாரிக்கு ஒரு குரல், லுலுவுக்குக்கூட ஒரு கனைப்பு. நாற்பத்தொன்றாம் பக்கத்தில் லுலுவின் கடைசி மூச்சைச் சொல்லியிருக்கிறது. அங்கே வெற்றிலையை விழுங்கிவிட்டு அழுவான். அதைத் தாண்ட மனம் வராமல் மறுநாள் முதலிலிருந்து தொடங்குவான். துறையில் இவன் செய்யும் ஜீவகாருண்ய உபதேசம் தாங்காமல், தூரத்தில் இவனைக் கண்டாலே படகோட்டிகள் பாயை விரித்துக் கிளம்பினார்கள்.

இன்றும் பகல் தொழுகை முடிந்ததும் உட்கார்ந்துவிட்டான். வாசலில் அஸ்மினி, முதுகில் இரண்டு மூட்டை சிமென்டோடு, வெயிலில்.

"மூட்டையை இறக்கிட்டுப் படிச்சா எழுத்து ஓடிப்போயிடுமா?" என்றாள் பதூலி.

"சும்மா இருடி! இங்க லுலு உசுரு போயிட்டிருக்கு!"

காலையிலேயே அவள் பார்த்திருந்தாள். அஸ்மினியின் முதுகில் கயிறு அறுத்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குச் சதை தெரிந்தது. ஈ மொய்த்தது. இன்னும் ஒரு வாரம் இப்படிச் சுமந்தால் அஸ்மினி விழுந்துவிடும், விழுந்தால் எழுந்திருக்காது. பன்னிரண்டு வருடம் அவள் கையால் தவிடு தின்ற ஜீவன். அவனிடம் சொன்னபோது, "இந்த அத்தியாயம் முடியட்டும்" என்றான். அப்போதே அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே கழுதை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

"ஹோடி! உள்ள வரலாமா?" என்று வாசலில் குரல் கேட்டது. கழுதை ஆஸ்பத்திரி டாக்டர் ஞாவீரா.

கோம்போவின் முகம் மலர்ந்தது. "வாங்க டாக்டரம்மா! புத்தகத்தைப் பத்திக் கேக்கத்தானே வந்தீங்க? கடைசிப் பக்கம் படிக்காமலே கொலைகாரனைக் கண்டுபிடிச்சிட்டேன்!"

"யாரு?"

"கல் வியாபாரிதான்! லுலு முதுகுல இருந்தது கயித்துப் புண்ணு. அடியில மெத்துன்னு துணி வைக்காம நைலான் கயித்தை இறுக்கியிருக்கான், பாவி!" கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்த மாதிரி ஆளுகிட்ட கழுதையை விட்டு வைக்கலாமா? அன்னிக்கே பிடுங்கிட்டுப் போயிருந்தா லுலு பிழைச்சிருக்கும், டாக்டரம்மா!"

"அப்ப பிடுங்கிட வேண்டியதுதான்" என்று டாக்டர் வாசலுக்குத் திரும்பினாள். அஸ்மினியின் முதுகில் இறுகியிருந்த நீல நைலான் கயிற்றைக் கத்தியால் அறுத்தாள். மூட்டைகள் தொப்பென்று விழுந்தன. சதையோடு ஒட்டியிருந்த கயிற்றை மெல்ல உரித்தெடுத்து அவன் கையில் வைத்தாள். "மூணு மாசம் கழுதை எங்ககிட்ட இருக்கட்டும்."

கோம்போ பதறினான். "டாக்டரம்மா! அது கதை! இது... இது வெறும் மீன்வலைக் கயிறு! நாளைக்கு நான் எதுல கல்லு ஏத்துவேன்?"

"உங்க முதுகுல" என்றாள் பதூலி. "நான் அடியில துணி வச்சே கட்டிவிடறேன்."

டாக்டர் நடத்திக்கொண்டு போக, அஸ்மினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குளம்போசை சந்து முனையில் தேயும்வரை நின்ற பதூலி, கன்னத்தில் வழிந்ததை முக்காட்டால் ஒற்றிக்கொண்டு உள்ளே வந்தாள். கோம்போ கதவைச் சாத்தித் தாழிட்டான். நாற்காலிக்குத் திரும்பி, பெருமூச்சு விட்டான். பிறகு கையிலிருந்த நீலக் கயிற்றில் ஓர் இழையைப் பிரித்தெடுத்து, அடையாளத்துக்கு நாற்பத்தொன்றாம் பக்கத்தில் வைத்து, புத்தகத்தை மூடினான்.